தாடி வளர்த்துக்கொண்டு திருச்சிக்குப் போன கதை

ஒரு மாதமாகத் தாடி வளர்த்தேன். பக்தி இல்லை, துக்கமும் இல்லை. மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவன் நான். கடைக்கு ஆள் எடுக்கத் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் ஆள் எடுக்கச் சான்றிதழ் பார்ப்பதில்லை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து தன் கன்னத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கத்தி இறங்கும் விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். இருப்பது ஒரே முகம், பார்க்க வேண்டியதோ நாலைந்து பேர். அதனால் தாடியை மனத்துக்குள்ளேயே நான்கு பாகமாகப் பிரித்து வைத்தேன். வலக் கன்னம், இடக் கன்னம், கழுத்து, முகவாய்.

"பார்க்கச் சகிக்கல. இந்தக் கோலத்துல எங்க ஊர்க்காரங்க முன்னாடி போய் நிக்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி பார்வதி. அவள் பிறந்தது ஸ்ரீரங்கம். அவளுடைய தம்பி செல்வம் இன்னும் அங்கேதான் சலூன் நடத்துகிறான். அவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆள் தேடுவதுதான் என் திட்டம்.

என் கடையில் மூன்று நாற்காலிகள். இரண்டு ஓரத்திலும் ஆள் இல்லாமல் வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. நடு நாற்காலி என் அப்பாவுடையது, அவருக்குப் பிறகு என்னுடையது. அதன் பின்னால் வேறு யாரும் நின்றதில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்ட மறுநாளே பாலம் தாண்டி சிங்கப்பூர் போய்விடுகிறார்கள். வெளிநாட்டு ஆளைக் கூப்பிடலாம் என்றால் அரசாங்கம் எப்போதோ ஒருமுறைதான் கதவைத் திறக்கிறது. இப்போது திறந்திருக்கிறது.

பார்வதிக்குச் சொல்லாத ஒன்று உண்டு. கொஞ்ச நாளாக என் வலது கை நடுங்குகிறது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது பரவாயில்லை. ஒருவன் தொண்டைக்குழியில் கத்தியை வைத்துக்கொண்டு நடுங்கினால் என்ன ஆவது? தீபாவளிக் கூட்டத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் கடையை மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

திருச்சியில் இறங்கியதும் ஆட்டோக்காரர் என் தாடியைப் பார்த்தார். "சமயபுரந்தானே சார்? முடி எறக்கணும், அவ்வளவுதானே? நேரா மண்டபத்துக்கே கொண்டு போயி விட்டுடறேன்."

வேண்டுதல் எதுவும் இல்லை, வெளிநாட்டு வேலைக்கு ஆள் தேடி வந்திருக்கிறேன் என்றேன். வண்டியின் வேகம் உடனே குறைந்தது. "என்னா வேலை சார்? சாப்பாடு, ரூம்பு எல்லாம் உண்டா? நானே வரலாமா?" என்று பின்னால் திரும்பித் திரும்பிக் கேட்டார். முடிவெட்டும் வேலை என்றேன். "ஓ, அதுவா," என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உம் தலையை மாதாமாதம் யார் ஐயா ஒழுங்குபண்ணி விடுகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். லாரி ஒன்று குறுக்கே வந்ததால் தப்பித்தார்.

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் லாட்ஜில் அறை போட்டிருந்தேன். மச்சினன் வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "பாப்பாவுக்குப் பரீட்சை மாமா. வீடு வேற சின்னது. நீங்க நிம்மதியா தூங்கணும்ல," என்றான் செல்வம். நாற்பது வயது, நறுக்கென்று வெட்டிய மீசை, எப்போதும் சட்டைப்பையில் ஒரு சீப்பு. நான் கொண்டுபோன மைலோ டப்பாவையும் பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு, "இதெல்லாம் இங்கயே கிடைக்குது மாமா," என்று சிரித்தான்.

"சரி மாப்ளே, நேரா உன் கடைக்குப் போவோம்."

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை மாமா."

தலையில் அடித்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் செவ்வாய்க்கிழமை எந்தச் சலூனும் திறக்காது. முடிவெட்டும் பரம்பரையில் பிறந்த ஒருவன், முடிவெட்ட ஆள் தேடிச் செவ்வாய்க்கிழமை வந்து இறங்கியிருக்கிறேன். அன்று முழுக்க லாட்ஜ் வாசலில் நின்று பஸ்களை வேடிக்கை பார்த்தேன்.

"நாளைக்கு உன் கடை?"

"வெள்ளையடிக்கிறாங்க மாமா. நான் வேற நல்ல கையா காட்டுறேன், வாங்க."

புதன்கிழமை காலை, சத்திரத்தையொட்டிய சந்தில் ஒரு கடை. பாலு என்பவர் முதல் ஆள். பல வருஷம் குவைத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வலக் கன்னத்தைக் கொடுத்தேன். அடடா, என்ன கை! சோப்பு நுரையை மட்டும் துடைத்து எடுப்பது போலிருந்தது, ஆனால் கன்னம் வழுவழுவென்று ஆகியிருந்தது. உடனே பேச்சை ஆரம்பித்தேன். கிள்ளான் நல்ல ஊர், நம்ம சாப்பாடு, நம்ம கோயில், நானே முதலாளி என்று அடுக்கினேன்.

பாலு துண்டை உதறினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் போயிட்டு வந்தாச்சுங்க. நான் போறப்ப இங்க கூலி அடிமட்டம். எங்களை மாதிரி ஆளுங்க கும்பல் கும்பலாக் கிளம்பிப் போனோம், இங்க ஆளுக்குப் பஞ்சம் வந்துச்சு, கூலி தன்னால ஏறிடுச்சு. இப்ப வேலைக்குப் பாதி எனக்கு, பாதி ஓனருக்கு. பத்தாததுக்கு, லீவு போட்டா வீட்டுக்கே வந்து கூப்பிடுறாரு. நாங்க போனதாலதானே ஏறுச்சு? அதை நாங்களே இருந்து அனுபவிக்கக் கூடாதாங்க?"

அவர் இடக் கன்னத்துக்கு நுரை பூச வந்தார். செல்வம் குறுக்கே கையை நீட்டினான். "வேணாண்ணே, மிச்சம் இருக்கட்டும்." அடுத்த ஆளுக்காக மிச்சப்படுத்துகிறான், பொறுப்பான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கன்னம் பளபளப்பாகவும் மறு கன்னம் புதராகவும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தேன். பரிமாறியவர் சாம்பார் வாளியோடு என் முன்னாலேயே நின்றுவிட்டார். "பாதியில கரண்ட் போயிடுச்சா சார்?" என்றார். மெஸ்ஸே சிரித்தது. வத்தக்குழம்பு பிரமாதம், அதனால் மன்னித்துவிட்டேன். கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு உண்டுதான், ஆனால் இப்படி ஒரு சுண்டைக்காயை அங்கே கனவில்தான் கடிக்கலாம்.

சாயங்காலம் தில்லைநகரில் ஒரு ஏசி சலூன். கண்ணாடிக் கதவு, காபி வாசனை, சுவரெல்லாம் விளக்கு. காதில் கடுக்கன் போட்ட கார்த்தி என்ற இளைஞர் மெஷினை எடுத்து இடக் கன்னத்தில் ஓட்டினார். கத்தியைத் தொடவே இல்லை. நான் அவரைச் சோதிக்க வந்தவன். ஆனால் கேள்வியெல்லாம் அவர்தான் கேட்டார். ஏசி உண்டா, வாரத்தில் எத்தனை நாள் லீவு, எத்தனை வருஷத்தில் தனிக்கடை போட விடுவீர்கள்? சம்பளத்தைச் சொன்னேன். மரியாதையாகச் சிரித்தார். "இது இங்கயே வருது சார். கடல் தாண்டிப் போறதுன்னா துபாய்தான்."

என் அப்பா காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்துக் கிடப்பார்களாம், எந்த வேலை என்று கேட்காமல். அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறியிருக்கிறேன். ஊர் அந்தக் கணக்கை எப்போதோ அழித்துவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் நாற்காலியைச் சுற்றி ஓடுவோமே, பாட்டு நின்றால் ஒருவனுக்கு இடம் இருக்காது. இப்போது ஆட்டம் தலைகீழாகக் கிடக்கிறது. நாற்காலிகள் மிஞ்சிக் கிடக்கின்றன, ஆட்கள் அடுத்த ஊருக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு கன்னமும் போய், முகவாயிலும் கழுத்திலும் மட்டும் தாடி தொங்க, வியாழக்கிழமை காந்தி மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். வெங்காய மூட்டை தூக்கிப் போனவர், "வழி விடுங்க ஆட்டுத்தாடி!" என்று சத்தம் போட்டார். வாழைத்தார் மண்டிக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. அங்கே வேலை செய்யும் மாரி, வருகிறேன் என்று உடனே சொன்ன ஒரே ஆள். "இப்பவே வேணாலும் கிளம்புறேங்க, பையை எடுத்துட்டு வந்துரவா?" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கழுத்தைக் கொடுத்தேன். அவர் குனிந்தபோதே முந்தின நாள் சரக்கின் வாடை அடித்தது. இரண்டாவது இழுப்பில் சுரீர் என்றது. செல்வம் பாய்ந்து கத்தியைப் பிடுங்கினான், மாரியைத் தள்ளி உட்கார வைத்தான், படிகாரத்தைத் தேய்த்து ரத்தத்தை நிறுத்தினான், மிச்சக் கழுத்தை நாலே இழுப்பில் அவனே முடித்தும் விட்டான். நான் உயிர் பிழைத்த சந்தோஷத்தில் இருந்தேன். அவன் கையைக் கவனிக்கவில்லை.

"முகவாய் மட்டும் இருக்கட்டும் மாமா. அதை யாரையும் தொட விடாதீங்க," என்றான்.

வெள்ளிக்கிழமை தாடி எடுக்க வருபவர்கள் குறைவு. "முக்கொம்புக்குப் போயிட்டு வருவோம் மாமா, நாலு நாளா அலையுறீங்க," என்று பஸ் ஏற்றினான். பாதி வழியில் டயர் போயிற்று. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "எங்க வீட்டுக்காரரும் சிங்கப்பூரு, கொழுந்தனும் சிங்கப்பூரு. நடவுக்கு ஆளே கிடைக்கல. வங்காளத்துல இருந்து வந்திருக்காங்க. அவங்க பேசுறது நமக்குப் புரியல, ஆனா நடவு நடுறாங்க பாரு, நூல் புடிச்ச மாதிரி." இன்னொருத்தி கேட்டாள், "அப்ப அவங்க ஊர்ல யாரு நடுறா?" முதலாமவள் யோசித்துவிட்டு, "அதைக் கேக்க எனக்கு பாஷை தெரியலயே," என்றாள்.

முக்கொம்பில் பொரித்த மீன் சாப்பிட்டோம். அங்கேதான் செல்வம் கிள்ளானைப் பற்றிக் கேட்டான். வேலையாட்களுக்கு ரூம் கடைக்கு மேலேயா, வேறு இடத்திலா? சாப்பாடு அக்கா கையாலா? ஞாயிற்றுக்கிழமை போன் பேச நேரம் கிடைக்குமா? ஊருக்குப் போக எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை விடுவீர்கள்? ஊர்க்கதை கேட்கிறான் என்று நினைத்து, முள்ளைத் துப்பிக்கொண்டே விவரமாகச் சொன்னேன். அவன் மீனைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருப்பதாகவும் சொன்னான். நல்ல படிப்பு, படிக்க வை என்றேன். "படிக்க வைக்கணும் மாமா," என்றான்.

சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், வர முடியாது என்று சொல்லிவிட்டான். மறுநாள் எனக்கு விமானம். ஆள் கிடைக்கவில்லை. ரங்கநாதரையாவது பார்ப்போம் என்று ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். சேவித்துவிட்டு அம்மா மண்டபம் ரோட்டில் நடந்து வந்தபோது செல்வத்தின் கடை கண்ணில் பட்டது. வெள்ளையடிக்கவில்லை. பூட்டவும் இல்லை. கூட்டம் வாசல் வரை உட்கார்ந்திருந்தது.

உள்ளே இரண்டு நாற்காலி. ஒன்றின் பின்னால் செல்வம். கல்யாணத்துக்குப் போனவன் கையில் கத்தரிக்கோல். இன்னொன்றின் பின்னால் முப்பது வயதுக்காரர் ஒருவர். அவர் கத்தி பிடித்திருந்த அழகைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. நாலு நாள் நான் தேடிய கை அதுதான். எதிர்க் கண்ணாடியில் செல்வம் என்னைப் பார்த்தான். அவன் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"ஏன்டா, இதுதான் உன் கல்யாண வீடா?" என்றேன். வந்த கோபத்தில் கடை என்றும் பார்க்கவில்லை. "வெள்ளையடிக்கிறாங்க, பரீட்சை, கல்யாணம்! இப்படி ஒரு ஆளை ஒளிச்சு வச்சுட்டு, குடிகாரன்கிட்ட என் கழுத்தைக் குடுக்க வச்சியே! கடை மூடப் போகுதுன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"மாமா, அனீஸை மட்டும் கேக்காதீங்க," என்றான் செல்வம் மெதுவாக. "நீங்க கேட்டுட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது. அதனாலதான் உங்க கண்ணுல காட்டல. வேற யாரை வேணாலும் கேளுங்க."

"வேற யாரு இருக்கா?"

நான் அவனை விட்டுவிட்டு நேராக அந்த அனீஸிடமே திரும்பினேன். "தம்பி, மலேசியாவுக்கு வர்றீங்களா?"

அனீஸ் கத்தியைத் துடைத்து வைத்தார். உத்தரப்பிரதேசத்துக்காரர். தமிழ் மட்டும் சுத்தத் திருச்சித் தமிழ். "நான் எதுக்குண்ணா? எங்க ஊரை விட்டு ஒருதடவை வந்தாச்சு. பையன் இங்க ஸ்கூல்ல ஒண்ணாவது படிக்கிறான், இப்பத்தான் எழுத்துக் கூட்டி தமிழ் படிக்கிறான். மறுபடி எங்கயும் போகமாட்டேண்ணா." செல்வத்தை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணன் பாஸ்போர்ட் எடுத்து எவ்வளவோ நாள் ஆச்சே. உங்க தாடி ஃபோட்டோவைக்கூட காட்டினாரே. அண்ணன் மலேசியா போனா கடையை நான் பாத்துக்கணும்னு பேசி வச்சிருக்கோம். உங்ககிட்ட சொல்லலையா?"

செல்வம் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அனீஸின் நாற்காலியில் இருந்த பெரியவர் மட்டும் முகமெல்லாம் நுரையோடு, "எனக்கு முதல்ல முடிச்சு விடுங்கப்பா, காஞ்சு போகுது," என்றார்.

முக்கொம்பில் கேட்ட கேள்விகளெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. முகவாயை யாரையும் தொட விடாதீங்க என்று சொன்னதும்.

"ஏன்டா வாயைத் தொறந்து சொல்லல?"

"எப்படி மாமா சொல்றது? அக்காவைக் கட்டிக் குடுத்த வீட்டுல போயி, வேலை போட்டுக் குடுங்கன்னு கையேந்தச் சொல்றீங்களா? நாளைக்கு அக்காவைத்தானே பேசுவாங்க? நீங்களாக் கூப்பிட்டா அது வேற. நாலு நாளா அதுக்குத்தான் உங்க கூடவே அலைஞ்சேன். எல்லாரும் இல்லைன்னு சொன்ன பெறகாவது என் பக்கம் திரும்புவீங்கன்னு பாத்தேன்."

"நானா? பொண்டாட்டி தம்பியைப் பாத்து, என் கடையில கூலிக்கு வந்து நில்லுடான்னு நான் எப்படிடா கூப்பிடுவேன்? உங்க அக்கா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?"

அனீஸ் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. செல்வத்துக்கு மட்டும் வரவில்லை. இந்தக் கடை இரண்டு குடும்பத்துக்குச் சோறு போடும், ஆனால் மகளின் படிப்புக்குக் காணாது என்று விவரமாகச் சொன்னான். அனீஸ் வந்து சேராமலிருந்தால் கடையை விட்டுக் கிளம்பும் யோசனையே வந்திருக்காது என்றான். "என் மக காலேஜ் முடிக்கிறப்ப நான் கிள்ளான்ல இருப்பேன். அவளைப் பாக்கமுடியாது. எல்லாம் யோசிச்சுட்டேன் மாமா." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தான். கடையில் இருந்தவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள்.

பெரியவர் எழுந்ததும் அந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்து முகவாயை நீட்டினேன். "இந்தா, உனக்குன்னு மிச்சம் வச்சதுதானே. பண்ணு."

வெந்நீர் தொட்டு, நுரை அடித்து, அவசரமில்லாமல் செய்தான். முகவாயின் வளைவு கஷ்டமான இடம், அங்கேதான் பாதிப் பேர் தோற்பார்கள். அவன் இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்த விதத்திலேயே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது.

"கண்ணைத் தொடச்சுட்டுப் பண்ணுடா. கையில கத்தி இருக்கு," என்றேன்.

முடிந்ததும் பார்வதிக்கு போன் போட்டேன். ஆள் கிடைத்தாச்சு என்றேன். யார் என்றாள். உன் தம்பி என்றேன். அவள் கேட்டாள், "எந்த நாற்காலி?"

கூலியாளாக ஓரத்து நாற்காலியில் அவன் நிற்பதைத் தினமும் பார்க்க வேண்டியவள் அவள். செல்வமும் துண்டைப் பிழிந்துகொண்டே என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"நடு நாற்காலி," என்றேன்.

"அது உங்க நாற்காலியாச்சே. நீங்க எங்க நிப்பீங்க?"

"நிக்க வேண்டாம்னு பாக்கிறேன். கல்லாவுல உக்காந்துக்கறேன். எனக்குக் கை நடுங்குது பார்வதி."

"ஆறு மாசமா நடுங்குது," என்றாள். "போனை தம்பிகிட்ட குடுங்க."

கொடுத்தேன். என் கை நடுங்குவதை அன்றைக்குத்தான் செல்வம் பார்த்தான். போனை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான். பேசி முடிக்கும் வரை விடவில்லை.